ஆறு மணிக்கு மேல் தெரியாத விரல்கள்

அக்டோபர் 14, திங்கள்

இரண்டாம் மாடி நிலவரிப் பிரிவில் மூன்று வாரமாக ஓடாத பிரிண்டர் இன்று ஓடியது. அந்த மூன்று வாரமும் அங்குள்ள மூத்த குமாஸ்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "லினக்ஸ் போட்டதுலேர்ந்து பிரிண்டே வரமாட்டேங்குது." போய்க் குனிந்து பார்த்தேன். பிரிண்டரின் மின்வயர் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, அந்தத் துளையில் அவர் கால் குளிருக்கு வாங்கிய ஹீட்டர் செருகப்பட்டிருந்தது. மாற்றிச் செருகினேன். தாள் வந்தது. "பரவால்லையே, கெட்டிக்காரன்தான்" என்றார். உடனே ஹீட்டருக்கு வேறு இடம் கேட்டார்.

ஒரு விஷயத்தை எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது பேச்சை மாற்றினால் நாளும் தேதியும் இருக்கட்டும். ஹேசோங் மாவட்ட அலுவலகத்தின் எல்லாக் கணினிகளும் இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுகின்றன. பழைய விண்டோஸுக்கு ஜனவரியோடு ஆயுள் முடிகிறது. கணினியில் தொங்குகிற ஒவ்வொரு கருவியையும் வேலை செய்யவைப்பது என் பொறுப்பு. பட்டியலில் நாற்பத்து மூன்று கருவிகள். நவம்பர் 29 அன்று மாகாணத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். நாற்பத்து மூன்றும் தேறினால் ஜனவரி முதல் என்னை இங்கேயே நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகத் தகவல் பிரிவுத் தலைவர் மா இரண்டு முறை சொல்லியிருக்கிறார். அதில் ஒரு முறை குடிக்காமல்.

இருபத்தெட்டு வயதில் இது எனக்கு ஐந்தாவது ஒப்பந்தம். எந்த ஒப்பந்தமும் இரண்டு வருடத்தைத் தொட்டதில்லை. தொட்டால் சட்டப்படி நிரந்தரமாக்க வேண்டும், அதனால் இருபத்து மூன்றாவது மாதம் எல்லா முதலாளிகளுக்கும் திடீரென்று என் வேலையில் குறை தெரியும். இந்த வேலையை மாவட்ட அலுவலகம் ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்தது, அது சியோலில் இருக்கும் எங்கள் சின்னக் கம்பெனிக்குக் கொடுத்தது, எங்கள் கம்பெனி எனக்குக் கொடுத்தது. எனக்குக் கீழே கொடுக்க ஆள் இல்லாததால் நான் செய்கிறேன்.

அக்டோபர் 16, புதன்

மீதி இருப்பது ஒன்றுதான். கீழ்த்தளத்தில், வாசலுக்குள் நுழைந்ததும் இருக்கும் கைரேகைக் கருவி. வரும்போதும் போகும்போதும் எல்லாரும் அதில் கட்டைவிரலை வைக்க வேண்டும். வருகைப் பதிவு, ஓவர்டைம் பதிவு எல்லாம் அதில்தான்.

லினக்ஸில் செருகினால் அது ஒரு கல். கருவியைச் செய்த கம்பெனிக்குப் போன் போட்டேன், ஒரு பெண் எடுத்தாள். கணினி இந்தக் கருவியோடு எந்த மொழியில் பேசுகிறது என்று விவரம் தாருங்கள், அதை வைத்து டிரைவர் மென்பொருளை நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

"அது பாதுகாப்பு ரகசியம் சார்."

"கருவியை நாங்க காசு குடுத்து வாங்கியிருக்கோம்."

"கருவியைத்தான சார் வாங்குனீங்க?"

"சரி, லினக்ஸுக்கு நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்க."

"அதுக்கு யாரும் கேக்குறதில்லையே சார்."

"நான் கேக்குறேனே இப்ப."

"நீங்க ஒருத்தர்தானே சார்."

மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. கடைசியில் எனக்கு நல்ல நாளாக அமைய வாழ்த்தினாள்.

அக்டோபர் 18, வெள்ளி

ரகசியத்தைத் தராவிட்டால் ஒட்டுக்கேட்க வேண்டியதுதான். பழைய கணினிக்கும் கருவிக்கும் நடுவில் என் மடிக்கணினியை உட்காரவைத்து, இரண்டும் பேசிக்கொள்கிற ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்கிறேன். ஆட்கள் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டும். அதனால் காலை ஏழுக்கே வந்தேன்.

அந்த நேரத்தில் கட்டிடத்தில் இருந்தது துப்புரவு வேலை செய்யும் கில் ஓக்புன் பெரியம்மா மட்டும். அறுபத்து மூன்று வயது. ஐந்தரைக்கே வந்துவிடுவாராம். அவரும் என்னைப் போலக் குத்தகைக் கம்பெனி ஆள்தான். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிடும் வார் அதிகாரிகளுக்கு நீலம், எங்கள் இருவருக்கும் மஞ்சள். வாசலில் நிற்பவன் முகத்தைப் பார்க்க மாட்டான், வாரைப் பார்ப்பான்.

"தம்பி, காலைத் தூக்கு" என்று தரை துடைக்கும் மாப்பைத் தள்ளிக்கொண்டே வந்தார். கருவியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "அந்தச் சனியனுக்கு என்னைத் தெரியவே தெரியாது. எட்டு வருசமா வைக்கிறேன்."

விரலைக் காட்டச் சொன்னேன். காட்டினார். பிளீச்சிங் தண்ணீரில் ஊறி ஊறித் தட்டின் பின்பக்கம் மாதிரி வழவழவென்று இருந்தது. ரேகை இல்லாதவர்களுக்கு ஒரு காகித நோட்டு உண்டு. அதில் மா கையெழுத்துப் போட வேண்டும். அவர் வருவது ஒன்பதுக்கு. ஐந்தரைக்கு வந்த பெண்ணை ஒன்பதுக்கு வருகிறவர் பார்த்ததாகக் கையெழுத்துப் போடுவார். அவர் வெளியூர் போனால் அன்று பெரியம்மா வேலைக்கே வரவில்லை.

"கெஞ்சிக் கெஞ்சி மறுநாள் போடவெப்பேன். அவரு பேனாவைத் தேடுறதுக்குள்ள எனக்கு ஒரு மாடி முடிஞ்சிரும்."

அக்டோபர் 24, வியாழன்

படம் வந்துவிட்டது. என் கட்டைவிரல், கறுப்பு வெள்ளையில். நான் எழுதிய டிரைவர் வழியாக. ஆறு நாள் தூக்கம் போனதற்கு என் விரலையே பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாவிடம் காட்டினேன். "இதுக்கா ஆறு நாளு?" என்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. விரல் வைக்கப்பட்டுவிட்டது என்பதைக் கம்பெனி மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது பதிவில் பிடிபடவில்லை. நானே ஒரு வழி செய்தேன். கருவி நிற்காமல் வரிசையாகப் படங்கள் எடுத்துக்கொண்டே இருக்கும், ஒரு நொடிப் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும். உயிருள்ள விரல் கண்ணாடியில் அழுந்தும், பரவும், கொஞ்சம் வியர்க்கும், படத்துக்குப் படம் மாறும். மாற்றம் தெரிந்தால் விரல் இருக்கிறது என்று பொருள். அது நின்றதும் கடைசிப் படத்தை எடுத்துக்கொள்ளும். மொத்தத்தில் பத்து வரி.

இந்த ஒரு நொடியில் இன்னொரு லாபமும் கிடைத்தது. வெளிச்சத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போக முடிகிறது. மங்கலான ரேகைகூட மேலே வருகிறது.

அக்டோபர் 28, திங்கள்

நூற்றுப் பன்னிரண்டு பேரின் விரலையும் புதிதாகப் பதிவு செய்தாயிற்று. ஒவ்வொருவரும் ஏதோ ரத்தம் கொடுப்பது போல வந்து நின்றார்கள். மாவின் விரல் ஒரே தொடுதலில் வந்தது. அவருடைய பிரிவில் இருக்கும் பியோ சொன்யங் மட்டும்தான் நன்றி சொன்னாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, இன்னும் பழகவில்லை.

கடைசியாக ஓக்புன் பெரியம்மா. மூன்று தடவை கையைத் துடைத்துவிட்டு வைத்தார். ஒரு நொடி. பச்சை விளக்கு.

"என்ன, எடுத்திருச்சா?"

"எடுத்திருச்சு பெரியம்மா."

"சும்மா சொல்லாத. இன்னொருவாட்டி வெக்கிறேன்."

நான்கு முறை வைத்தார். நான்கு முறையும் பச்சை. மாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியம் என் மேசையில் ஒரு பை மாண்டரின் ஆரஞ்சு இருந்தது.

எட்டு வருடம் அந்தக் கம்பெனியால் முடியாதது என் ஒரு நொடியால் முடிந்தது. இதைத் திமிர் என்றால், ஆமாம், திமிர்தான்.

நவம்பர் 1, வெள்ளி

மா பல் குத்திக்கொண்டே வந்தார். "சொக், உன் மெசினு ராத்திரில தூங்கிருது."

"என்ன ஆச்சு சார்?"

"ஓவர்டைம் முடிச்சுட்டுக் கெளம்புறப்ப விரல் வெச்சா கண்டுக்கவே மாட்டேங்குது. எனக்கும் எடுக்கல. ஆறு பேருக்கு எடுக்கல. நாள் பூரா உழைச்சுட்டு அது முன்னாடி போய் நிக்குறோம், 'விரலை வைக்கவும்'னு எழுதிக் காட்டுது. வெச்சுக்கிட்டுதான இருக்கோம்."

பகலில் சோதித்தேன். ஆறு பேருக்கும் பகலில் பச்சை. மாலையில் இருந்து பார்க்கிறேன் என்றேன். குத்தகை ஆட்கள் ஆறு மணிக்கு மேல் கட்டிடத்தில் இருக்கக் கூடாதாம். பாதுகாப்பு விதி.

நவம்பர் 5, செவ்வாய்

காரணம் குளிராக இருக்கலாம். ஆறு மணிக்கு வெப்பமூட்டலை நிறுத்துகிறார்கள், கூடம் உறைந்துபோகும், காற்று வறளும், வறண்ட விரல் கண்ணாடியில் ஒட்டாது. மாவிடம் சொன்னேன். "அதான், வறட்சிதான்" என்று சட்டென்று ஒத்துக்கொண்டார். அவர் எதையும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

என் வாடகை அறையிலிருந்த ஈரப்பதமூட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கருவியின் பக்கத்தில் வைத்தேன். கோவிலில் புகை போடுவது போல அது ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. மனு கொடுக்க வந்த ஒருவர் இதற்கும் வரிப்பணமா என்று கேட்டார். இல்லை, என் பணம் என்றேன். நம்பவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

ஈரம், வெப்பம், கம்பி, யு.எஸ்.பி. துளை, மின்சாரம் — எல்லாம் மாற்றிவிட்டேன். பகலில் ஒரு பிழை இல்லை. இரவில் ஆறு பேர். அதே ஆறு பேர். என் மூளைதான் பழுதா?

நவம்பர் 11, திங்கள்

மா எழுத்து மூலம் புகார் அனுப்பியிருக்கிறார். "இலவச மென்பொருளின் நிலையற்ற தன்மை காரணமாக ஊழியர்கள் கடும் அவதி." அதன் நகல் பெரிய கம்பெனிக்குப் போய், அங்கிருந்து எங்கள் முதலாளி பியனுக்கு வந்து, பியனிடமிருந்து போனில் என் காதுக்கு வந்தது.

"டேய் சொக், ஓசில வர்றத நம்பாதன்னு அப்பவே சொன்னேனா இல்லியா?"

சொல்லவில்லை. ஓசியில் வருகிறது என்பதால்தான் இந்த வேலையையே பிடித்தார்.

நவம்பர் 12, செவ்வாய்

பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போகிறார்கள். நீல வார்கள் கூட்டமாகப் பன்றி சூப்புச் சோற்றுக் கடைக்கு, நான் கடையில் வாங்கிய கிம்பாப் சோற்றுச் சுருளோடு கருவிக்கு முன்னால். பியோ சொன்யங் இரண்டு காகிதக் கோப்பையில் பொட்டலக் காப்பி கலக்கிக்கொண்டு வந்தாள்.

"டெக்னீஷியன் சார், இத இப்பிடியே விட்டுருங்களேன்."

"எப்பிடி விடுறது? இருபத்தொம்போதாம் தேதி ஆய்வு. இது ஒண்ணு போச்சுன்னா என் வேலை போச்சு."

"இல்ல... பழைய மெசினு மாதிரியே எடுக்குற மாதிரி வெச்சுடுங்க. தொட்டதும் எடுக்குமே, அது மாதிரி."

"அதுக்கும் ராத்திரிக்கும் என்ன சம்பந்தம்?"

காப்பியைக் குடித்து முடித்தாள், என் கோப்பையையும் சேர்த்து. போய்விட்டாள்.

நவம்பர் 13, புதன்

சரிபார்ப்பதற்காக எல்லாப் படங்களையும் சேமித்துவைக்கும்படி போன வாரமே எழுதியிருந்தேன். இன்று காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து நேற்று இரவுப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

இரவு 10.41. ஆறு கட்டைவிரல்கள். முதல் விரலிலிருந்து ஆறாவது விரல் வரை பதினைந்து நொடி. ஆறு அதிகாரிகள் ராணுவ வரிசையில் நின்று மாற்றி மாற்றி வைத்தாலும் இந்த வேகம் வராது.

ரேகை சுத்தமாக இருந்தது, புத்தகத்தில் வரைந்த மாதிரி. மாறவேயில்லை. நூறு படத்திலும் ஒரு கோடு நகரவில்லை. மூன்றாவது விரலின் நடுவில் கடுகளவு வட்டமாக ஒரு வெள்ளை. திங்கள் இரவுப் படத்தைத் திறந்தேன், அதே இடத்தில் அதே வட்டம். போன வியாழனிலும் அதே வட்டம். காற்றுக் குமிழி. வார்க்கும்போது உள்ளே மாட்டிய காற்று.

சிலிகோன் விரல்.

மாலை ஆறு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒருவர் மட்டும் முறை போட்டு ஆறு விரலையும் எடுத்துக்கொண்டு பத்தரைக்கு வந்து ஒவ்வொன்றாக ஒற்றிவிட்டுப் போகிறார். நாடெங்கும் செய்தியில் வந்து எல்லாரும் சிரித்துவிட்டு மறந்த சங்கதி. நான் இதற்கு ஈரப்பதமூட்டி கொண்டுவந்து வைத்தேன். எட்டு நாள் அந்தப் பொம்மை விரல்களுக்கு நான் ஆவி பிடித்துவிட்டிருக்கிறேன்.

என் டிரைவரில் பிழை இல்லை. உயிருள்ள விரல் மாறும் என்று எழுதினேன். உயிரில்லாதது மாறவில்லை. அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் எழுதவும் இல்லை.

நவம்பர் 14, வியாழன்

மாவிடம் நேராகச் சொன்னேன். படத்தையும் காட்டினேன். அவருடையது இரண்டாவது விரல்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். இத்தனை மாதத்தில் முதல் முறை.

"சொக், உனக்கு இன்னும் கல்யாணம் ஆவல. எங்க சம்பளச் சீட்ட நீ பாத்ததில்ல. அடிப்படைச் சம்பளம் புள்ள டியூசனுக்கே பத்தாது. ஓவர்டைம்ங்குறது மேல இருக்குறவனுக்கும் தெரிஞ்சு குடுக்குறதுதான்."

"அப்ப மேல இருக்குறவங்களே சம்பளத்துல சேத்துக் குடுத்துறலாமே சார்."

"குடுப்பானா?" சிரித்தார். "அந்த ஒரு நொடியத் தூக்கிரு. தொட்டதும் எடுக்கட்டும். நாப்பத்து மூணுக்கு நாப்பத்து மூணு. ஜனவரில நீல வாரு. உனக்கும் இது தேவைப்படும் பாரு, ரெண்டு வருசத்துல."

"ஓக்புன் பெரியம்மாவுக்கு அந்த ஒரு நொடி வேணும் சார். அது இல்லன்னா அவங்க ரேகை மேல வராது."

"அவங்களுக்கு நோட்டு இருக்குல்ல? நான் கையெழுத்துப் போடுறேனே."

தணிக்கைப் பிரிவுக்குப் போகலாம் என்று படியேறினேன். மூன்றாம் மாடி வரை ஏறிப் பெயர்ப்பலகையைப் படித்தேன். ஆறு விரலில் இரண்டு அந்த அறைக்குச் சொந்தம். இறங்கிவிட்டேன். பத்திரிகை? ஊழியர்களின் கைரேகைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தால் தனிநபர் தகவல் சட்டப்படி முதலில் உள்ளே போவது நான். சாயங்காலம் எல்லாப் படங்களையும் அழித்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

பத்து வரியையும் எடுத்துவிட்டேன். இனி ரேகை தெரிகிற முதல் படமே போதும்.

எழுத ஒன்றும் இல்லை. நீல வார் வேண்டும் எனக்கு. ஜூலையில் சமையல் கேஸுக்குக் கடன் சொன்னவனுக்கு ஒழுக்கம் பேச என்ன தகுதி?

நவம்பர் 18, திங்கள்

ஆறு விரலும் பச்சை. மா எனக்குச் சூப்புச் சோறு வாங்கித் தந்தார், நீல வார்களின் மேசையில். "நம்ம பையன்" என்று ஓட்டல்காரியிடம் அறிமுகம் செய்தார். நன்றாகத்தான் இருந்தது. சூப்பைச் சொல்கிறேன்.

நவம்பர் 21, வியாழன்

வருகைப் பட்டியலை அச்சடித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. கில் ஓக்புன்: திங்கள் வரவில்லை, செவ்வாய் வரவில்லை, புதன் வரவில்லை.

மூன்று நாளும் அவர் தரையைத் துடைத்ததை நான் பார்த்தேன். அந்தத் தரையில்தான் நடந்தேன்.

குப்பை அறையில் போய்ப் பிடித்தேன். "ஏன் பெரியம்மா சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? திங்கக்கெழம வெச்சேன், செவப்பு. சரி, என் வெரல்தான் மறுபடி போச்சுன்னு நெனச்சேன். நீ வேற ஆய்வு, ஆய்வுன்னு அலையுற."

"நோட்டுல எழுதலியா?"

"அந்த நோட்டுதான் இல்லியே. மெசினு எல்லாருக்கும் எடுக்குதுன்னு போன மாசமே தூக்கிட்டாங்க." அட்டைப் பெட்டியைக் காலால் மிதித்து நசுக்கினார். "கம்பெனிக்காரன் போன் போட்டான். மூணு நாளா எங்க போனன்னு கேக்குறான். இங்கதான்யா இருக்கேன்னேன். மெசினு இல்லங்குதேங்குறான்."

மெஷின் இல்லை என்கிறது. மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இரவில் இல்லாத ஆறு பேரை இருந்ததாகவும், வந்த ஒருத்தியை வராததாகவும் எழுதும்படி நான்தான் செய்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு. அதுவும் மஞ்சள் வார்ச் சம்பளம்.

நோட்டு எடுக்கப்பட்டது மாவுக்குத் தெரியாமல் இருக்காது. எடுத்தவரே அவர்தான். கையெழுத்துப் போடுகிறேன் என்று என்னிடம் சொன்னபோது நோட்டே கிடையாது.

நவம்பர் 22, வெள்ளி

பத்து வரியையும் திருப்பிப் போட்டேன்.

நல்லவன் என்பதால் இல்லை. ஈரப்பதமூட்டியை நினைத்தால் இன்னும் எரிகிறது. என்னைப் பத்து நாள் கோமாளியாக்கினார்கள், அதற்கப்புறம் ஒரு கிண்ணம் சூப்பில் விலைக்கு வாங்கினார்கள். அவ்வளவு மலிவா நான் என்ற கோபம்தான் முக்கால்வாசி. மீதிக் கால்வாசி மூன்று நாள் இல்லாமல் போன ஒரு பெண்.

இன்று காலையையும் சேர்த்து அவருடைய ஐந்து நாளுக்கும் வருகைத் திருத்தக் கடிதம் எழுதினேன். 'கருவியில் என் தவறு' என்று கையெழுத்துப் போட்டேன். உண்மைதானே.

நவம்பர் 25, திங்கள்

மா கத்தவில்லை. "யோசிச்சுக்க" என்றார். அந்த நாற்காலி இன்று சுவரோரம் போய்விட்டது.

பியன் கத்தினார். "உனக்கு எதுக்குடா ஊரு நாயம்? டிரைவர் எழுதச் சொன்னா டிரைவர் எழுது."

"டிரைவர்தான் எழுதுனேன். நல்லா வேலை செய்யுது."

"வேலை செய்யுறதுதான்டா பிரச்சனை."

இந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை.

நவம்பர் 29, வெள்ளி

ஆய்வு. மாகாணத்திலிருந்து மூன்று பேர், ஒரு புகைப்படக்காரர். நிலவரிப் பிரிவின் பிரிண்டர் முன்னால் நின்று, வரும் தாளைச் சுட்டிக்காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தடவை தாள் மிக வேகமாக வந்துவிட்டதால் மூன்றாவது முறை அச்சடிக்கச் சொன்னார்கள். ஸ்கேனர்கள், அடையாள அட்டை படிப்பான், கையெழுத்துப் பலகை, எல்லாம் தேறின. கைரேகைக் கருவியில் மூன்று பேரும் தங்கள் விரலைப் பதிந்துவிட்டு வைத்துப் பார்த்தார்கள். பச்சை, பச்சை, பச்சை. ஓக்புன் பெரியம்மாவையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன். பச்சை.

"ரேகையே இல்லியேம்மா உங்களுக்கு" என்று மாகாணத்துக்காரர் ஒருவர் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கு சார். கொஞ்சம் பொறுமையாப் பாக்கணும்" என்றார் பெரியம்மா.

அப்போது மா இருமிவிட்டுச் சொன்னார்: "பகல்ல சரிதான் சார். மாலை நேரத்துல ஊழியர்கள் ஆறு பேருக்குத் தொடர்ந்து எடுக்கறதில்ல. எழுத்து மூலம் புகார் இருக்கு."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். என் பக்கத்தில் நின்ற பியோ சொன்யங் தன் செருப்பைப் பார்த்தாள்.

"பொம்ம விரலுக்கு எடுக்காது சார்" என்றேன்.

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். மூவரில் மூத்தவர் மாவைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மதியச் சாப்பாடு எங்க ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார்.

டிசம்பர் 6, வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. ஒரு வரியை அப்படியே எழுதிவைக்கிறேன்: "புறக்கருவிகளுடன் ஒத்துழைக்காத தன்மை உறுதிசெய்யப்பட்டதால் இலவச இயங்குதளம் அலுவலகப் பயன்பாட்டுக்கு ஏற்றதன்று."

எல்லாக் கணினிகளிலும் விண்டோஸின் புதிய பதிப்பு போடப்போகிறார்கள். கைரேகைக் கம்பெனியின் மென்பொருளும் திரும்பி வருகிறது. இனி நாட்டில் எவனாவது லினக்ஸில் பிரிண்டர் ஓடாதாமே என்று கேட்டால் இந்த அறிக்கையைக் காட்டுவார்கள். ஹீட்டர் செருகியிருந்த துளையை யாரும் காட்ட மாட்டார்கள்.

டிசம்பர் 20, வெள்ளி

கடைசி நாள். மஞ்சள் வாரைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். ஈரப்பதமூட்டியை எடுத்துக்கொண்டேன்.

டிரைவரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டேன். இங்கே வேண்டாம் என்றால் வேறு எங்காவது இருக்கட்டும்.

ஜனவரி 9, வியாழன்

தேகு நகரில் மூன்று மாத ஒப்பந்தம். காப்பிக் கடைகளின் ரசீது பிரிண்டர்கள். இதுவும் குத்தகைக்குள் குத்தகைதான், ஆனால் இங்கே யாரும் எனக்கு எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. அது ஒரு நிம்மதி.

டிரைவருக்கு முதல் கடிதம் வந்திருக்கிறது. போர்ச்சுகலில் ஒருவன். கருவி அருமையாக ஓடுகிறதாம், ஆயிரம் நன்றியாம், அந்த ஒரு நொடித் தாமதம் மட்டும் எதற்கு, எடுத்துவிடலாமா என்று கேட்கிறான்.

ஜனவரி 22, புதன்

சந்திரப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால் ஓக்புன் பெரியம்மாவிடமிருந்து போன். சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்வை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"பழைய மெசினு வந்ததுலேர்ந்து மறுபடி என்னைத் தெரியல தம்பி. நோட்டும் இல்ல. ஒரு வாரம் வரலன்னு விழுந்துருச்சு. கம்பெனிக்காரன் வேற ஆள் பாக்குறேன்னுட்டான்."

"அப்பறம்?"

"அந்தப் பொண்ணு இருக்குல்ல, பியோ. நான் படிக்கட்டுல உக்காந்திருந்ததப் பாத்துருச்சு. மறுநாளு சின்ன டப்பா ஒண்ணு கொண்டாந்து கையில வெச்சுச்சு. தொறந்தா வெரலு. அதோட எடது கட்டவெரல அச்செடுத்து, என் பேருல பதிஞ்சு குடுத்துருச்சு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அஞ்சரைக்கு வெக்கிறேன், பட்டுனு எடுக்குது. நீ பண்ணத விட வேகம், கோவிச்சுக்காத. என் வெரலுக்கு இப்ப இருபத்தாறு வயசு தம்பி."

சிரித்தார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஏப்ரன் பாக்கெட்டுலதான். துணி சுத்தி வெச்சிருக்கேன். வெச்சு முடிச்சதும் ஒடனே உள்ள போட்டுருவேன். பிளீச்சிங் தண்ணி மட்டும் பட்டுறக் கூடாதாம், ரேகை போயிருமாம்."